சிட்டம்மாள் ஊற்றிய தண்ணீர்

எங்கள் கோயிலில் திருவிருந்து நேரம் வந்தால் அப்பத்துக்கு முன்னால் குழந்தைகள் கைமாறும். ஆயர் சபையை அழைத்ததும் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் பீடத்துக்குப் போகாமல் முதலில் கதவுப் பக்கம் வருவார்கள். அங்கே, செருப்புக் குவியலுக்கு நாலடி தள்ளி, கோரைப்பாயில் சிட்டம்மாள் அத்தை சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். ஒருத்தி பிள்ளையை மடியில் போடுவாள். இன்னொருத்தி தோளில் சாய்த்துவிட்டுப் போவாள். "அத்தே, இவன் கடிப்பான், பாத்துக்கோ" என்று பல் முளைத்த ஒன்றைப் பக்கத்தில் இறக்கிவிட்டு ஓடுகிறவளும் உண்டு. ஒரு கிறிஸ்துமஸ் அன்று ஒரே நேரத்தில் ஒன்பது பிள்ளைகளை அவர் சமாளித்ததை நானே எண்ணியிருக்கிறேன். ஒன்றுகூட அழவில்லை. அந்தப் பிள்ளைகளின் அப்பன்மார் வீட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு படும் பாடு எனக்குத் தெரியும்.

அத்தை பீடத்துக்குப் போகாததற்குக் காரணம், அவர் ஞானஸ்நானம் பெறாதவர். சாலவாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் காலனியில் பாதி வீடுகள் வேதக்கார வீடுகள், பாதி வீடுகளில் எல்லம்மன் படம். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஜெபம், அந்தப் பக்கம் சூடம். அத்தையின் வீட்டுக்காரர் எல்லப்பன் மாமா ஆடி மாதம் எல்லம்மனுக்குக் கரகம் எடுக்கிறவர். அத்தையோ கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம் எங்கள் கோயிலில் பாட்டுச் சத்தம் கேட்டு உள்ளே வந்து உட்கார்ந்தவர், போன மாசி வரை ஒரு ஞாயிறும் தவறியதில்லை. இருபத்தாறு வருஷம் ஆகிறது. சனிக்கிழமை மத்தியானம் நடவோ களையோ முடித்து வந்து, கோயிலைப் பெருக்கி, பீடத்து வெள்ளைத் துணியைத் துவைத்துக் காயப்போடுவதும் அவர்தான். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை. சம்பளமும் இல்லை.

"முழுக்கு எடுத்தா எஸ்.சி. சர்டிபிகேட் போயிடும்னுதான் அவ எடுக்காம இருக்கா" என்று ஊரில் சிலர் பேசுவார்கள். வாய் இருக்கிறது, பேசுகிறார்கள். ஒருமுறை நான் நேராகவே கேட்டேன். அத்தை சிரித்துவிட்டுச் சொன்னார்:

"அவரு கரகம் எடுக்கறாருடா சாம்சா. நான் முழுக்கு எடுத்துட்டா அவருக்கு யாரு வெரதச் சோறு ஆக்குறது? யாரு கூடப் போயி தண்ணி ஊத்துறது? கல்லானம் பண்ணிக்கினப்போ அதுக்குத்தானே தலையாட்டனேன்? உங்க சாமிக்கு நான் பின்னாடி குந்திக்கினு கீறது தெரியும். அவரு கண்ணு நல்லாத்தான் கீது."

நான் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். என் மனைவி சோபியா. எங்களுக்கு முதலில் பிறந்தது ஒரு ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இருந்தான், மறுநாள் காலையில் போய்விட்டான். பெயர்கூட வைக்கவில்லை. துணியில் சுற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது, அந்த நாளில் எங்களுக்கு இருந்த வயதான உபதேசியார் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை. முழு அடக்க ஆராதனை வாசிக்க முறை இல்லை" என்றார். சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். கெட்ட மனுஷர் இல்லை, அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார். ஆனால் சோபியாவுக்கு அந்த வார்த்தை உள்ளே இறங்கிவிட்டது. மண்ணைத் தள்ளும்போது அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றது சிட்டம்மாள் அத்தை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம். போன மாசி மாதம், சாம்பல் புதனுக்கு நாலு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை. சோபியாவுக்குத் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் பாக்கி. நான் காலை ஷிப்டுக்குப் போய்விட்டேன். காலனியில் எல்லாரும் சம்பா அறுவடைக்குப் போயிருந்தார்கள். பத்து மணிக்கு சோபியாவுக்கு வலி எடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, எதிரே, அன்று வயலுக்குப் போகாமல் காலையிலேயே கோயிலைப் பெருக்க வந்து துடைப்பத்தோடு நின்றிருந்த ஒரே பெரிய ஆள் அத்தைதான். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பெண்ணை விட்டு 108க்குப் போன் போடச் சொன்னார். சாலவாக்கம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, செங்கல்பட்டுக்குப் போய்விடுங்கள் என்றார்கள். அத்தையும் கூட ஏறிக்கொண்டார், கட்டியிருந்த அழுக்குச் சேலையோடு.

வண்டி பாலாற்றின் மேல் திருமுக்கூடல் பாலத்தைத் தாண்டியதும் குழந்தை பிறந்துவிட்டது. நீல நிறம். அழவில்லை, அசையவில்லை. வண்டியில் வந்த நர்ஸ் பெண் குழந்தையின் மூக்கிலும் வாயிலும் குழாய் விட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சோபியாவுக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் அவள் அத்தையின் கையைப் பிடித்து, "அத்தே, தண்ணி ஊத்துங்க. பேரு வெச்சு ஊத்திடுங்க. இதயும் அப்டியே அனுப்பாதீங்க" என்றாள். அதோடு அவளுக்கு நினைவு தப்பிவிட்டது.

சாகக் கிடக்கும் பிள்ளைக்கு ஆயர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், சபையார் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்களுக்கெல்லாம் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தது. ஆனால் அன்றைக்கு அந்த வண்டியில் சபையார் என்று இருந்தது மயங்கிக் கிடந்த சோபியா ஒருத்திதான்.

அத்தை யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கை வந்திருக்காது என்று பிற்பாடு சொன்னார். இருக்கையில் கிடந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மூடியில் தண்ணீர் பிடித்தார். பெயர் வேண்டும். எங்கள் வீட்டில் பெயர்ச் சண்டை ஆறு மாதமாக நடந்துகொண்டிருந்தது. நான் ஷாரோன் என்பேன், சோபியா எஸ்தர் என்பாள். அத்தைக்கு இரண்டும் ஞாபகம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து டிரைவர் முன்னாலிருந்து, "நிஷா மேடம், ஆக்சிஜன் போதுமா, எங்கனா நிறுத்தணுமா?" என்று கத்தினார். அத்தை காதில் விழுந்த பெயர் அது ஒன்றுதான். அதையே வைத்துவிட்டார்.

"இன்னாம்மா பண்றீங்க, கொழந்தை மேல தண்ணி ஊத்தாதீங்க!" என்று நர்ஸ் நிஷா அதட்டியிருக்கிறாள். அதற்குள் மூன்று மூடி தண்ணீர் நெற்றியில் விழுந்துவிட்டது. நிஷா மூச்சு கொடுக்கும் பலூன் பையை அமுக்கிக்கொண்டே இருந்தாள். பாலாற்றுக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு வேகத்தடையில் வண்டி குலுங்கியபோது என் மகள் அழுதாள்.

எதனால் அழுதாள் என்று நான் யாரோடும் வாதம் பண்ணுவதில்லை. நிஷாவின் கையாலும்தான், அத்தையின் கையாலும்தான். இரண்டு பேரையும் கடவுள் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பினார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சோபியாவுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அத்தை வராந்தாவில் ரத்தக்கறைச் சேலையோடு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து நாஷ்டாகூடப் பண்ணவில்லை. நான் காலில் விழப் போனேன். "சீ, எயுந்திரு. டீ வாங்கிக் குடு மொதல்ல" என்றார்.

தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள். அதுவரை எல்லாம் சந்தோஷம்தான். ஆயர் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்தபோது சோபியா நடந்ததைச் சொன்னாள். ஆயர் உத்திரமேரூர் பக்கம் ஆறு ஊர்ச் சபைகளை ஒரு பழைய ஸ்கூட்டரில் சுற்றிச் சுற்றிக் கவனிக்கிறவர், சின்ன வயது. கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. கூட வந்திருந்த சபைச் செயலாளர் கலைச்செல்வன் அண்ணன் முகம் மலரவில்லை.

கலைச்செல்வன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரேஷன் கடையில் எடை போடுகிறவர். கைரேகை விழாவிட்டால் கூடப் பிறந்த தம்பிக்கும் அரிசி கிடையாது. சபையிலும் அதே ஆள்தான்.

"சிட்டம்மாளே ஞானஸ்நானம் வாங்கலியே ஐயா" என்றார். "வாங்காதவங்க எப்டி குடுக்க முடியும்? கையில இல்லாதத எடுத்துக் குடுக்கறதா? மறுபடியும் ஊத்திடறதுதான் முறை."

சோபியாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் பொண்ணுக்கு ஒரு தடவதான். ஊத்தியாச்சு" என்றாள்.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்கக் கூடாது. நான் கலைச்செல்வன் அண்ணன் பக்கம் சாய்ந்தேன். "எதுக்கு பேஜாரு? இன்னொரு வாட்டி ஊத்திட்டா இன்னா கொறஞ்சிடப் போவுது? சேப்டிக்கு" என்றேன். கம்பெனியில் ஒரு போல்ட்டை இரண்டு முறை முடுக்கச் சொல்லிப் பழகிய புத்தி. வாசலில் நிழல் தெரிந்தது. திரும்பினால், குழந்தைக்கு வசம்பு உரைத்து எடுத்துவந்த அத்தை அங்கே நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது. உரைத்த கல்லைத் திண்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு சோபியா என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

ஆயர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பத்து நாளில் பதில் வந்தது. தண்ணீர் ஊற்றப்பட்டு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூன்று பெயரும் சொல்லப்பட்டிருந்தால், ஊற்றிய கை யாருடையது என்று பார்க்க வேண்டாம். அது ஞானஸ்நானம்தான், மறுபடி கொடுக்கக் கூடாது. வார்த்தைகளில் சந்தேகம் இருந்தால் மட்டும், 'நீ ஏற்கெனவே பெறாதிருந்தால்' என்று சேர்த்துச் சொல்லி ஊற்றலாம். கலைச்செல்வன் அண்ணன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். "அப்போ வார்த்தை சரியா சொன்னாங்களான்னு தெரியணும்" என்றார். ரேஷன் கடையில் கார்டு நம்பர் கேட்கிற அதே குரல்.

ஆயர் அத்தையின் வீட்டுக்கே போய்க் கேட்டார். நானும் கூடப் போனேன். "என்ன சொல்லி ஊத்தினீங்கம்மா? அப்படியே ஒரு தடவை சொல்லுங்க" என்றார்.

அத்தை சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். "அந்த வார்த்தய சும்மா சொல்லலாமாய்யா? கையில தண்ணி இல்ல, கொயந்த இல்ல. வெளாட்டா அது?" என்றார். ஆயர் எவ்வளவு சொல்லியும் வாய் திறக்கவில்லை. கடைசியில், "நான் பண்ணது தப்புன்னா எனுக்குத் தண்டன வரட்டும். கொயந்தைக்கு வாணாம். நீங்களே நல்லபடியா ஊத்திடுங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அவர் எதையோ மறைக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

சோபியாவுக்கு நினைவில்லை. நர்ஸ் நிஷாவைத் தேடி ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கே போனேன். குழந்தைக்குத் தன் பெயர் என்று கேட்டு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால், "பிதான்னு ஆரம்பிச்சாங்கண்ணா. அப்புறம் நான் குழந்தையோட மூச்சுலதான் இருந்தேன். எதுவும் காதுல ஏறல" என்றாள்.

இப்படியே ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் போயின. அத்தை கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் அதுதான் முதல் முறை. பீடத்துத் துணியை என் மனைவியும் இன்னும் இரண்டு பேரும் துவைத்தார்கள். நீலம் திட்டுத்திட்டாகப் பிடித்தது. உயிர்த்தெழுந்த திருநாள் அன்று திருவிருந்துக்கு அழைத்தபோது, கைக்குழந்தைக்காரிகள் பழக்கத்தில் திரும்பிக் கதவுப் பக்கம் நடந்தார்கள். பாய் காலியாக இருந்தது. பிள்ளைகளோடு அப்படியே பீடத்துக்கு வந்து முழங்கால் போட்டார்கள். ஒன்று ஆயரின் அங்கியைப் பிடித்து இழுத்தது. ஒன்று பாத்திரத்தைத் தட்டப் பார்த்தது. நாலைந்து ஒரே நேரத்தில் வீறிட்டன. ஆயர் வசனம் சொல்வது யாருக்கும் கேட்கவில்லை. என் மகளும் அதில் ஒருத்தி. அவளை நான் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். காலியான பாயைப் பார்த்ததும் என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. நேராக அத்தை வீட்டுக்கு நடந்தேன்.

எல்லப்பன் மாமா வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். அத்தை அடுப்படியில். நான் வாசலில் நின்றபடியே சொன்னேன்: "அத்தே, நான் அன்னிக்குப் பேசனது தப்பு. பாப்பாவுக்கு மறுபடி ஊத்த வேணாம். நீ ஊத்துனதுதான் வேணும். நீ வந்து சொல்லு."

அத்தை வெளியே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். அழுகை நின்று குழந்தை அவர் முகத்தையே பார்த்தது.

மாமாதான் பேசினார். "போயி சொல்லேன்டி. இன்னா சொன்னியோ எல்லாத்தயும் சொல்லு. நம்ம தாயி கோச்சுக்க மாட்டா. அவங்க சாமியும் கோச்சுக்க மாட்டாரு. கோச்சுக்கறது மனுசங்கதான். மனுசங்களுக்குப் பயந்துக்கினு கொயந்தய நடு ரோட்டுல நிக்க வெக்காதே."

அடுத்த ஞாயிறு அத்தை வந்தார். பாயில் உட்காராமல், சுவரோரம் நின்றார். மாமாவும் வந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்.

அவசரத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையைச் சபையில் ஏற்றுக்கொள்ள எங்கள் ஆராதனையில் ஒரு முறை இருக்கிறது. தண்ணீர் கிடையாது. ஆயர் சபைக்கு முன்னால் சில கேள்விகள் கேட்பார், ஊற்றியவர் பதில் சொல்ல வேண்டும். பதில் சரியாக இருந்தால் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டு ஏற்றுக்கொள்வார். ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீரும் நிரப்பி வைத்திருந்தார்கள், பதில் சரியாக இல்லாவிட்டால் ஊற்றுவதற்கு.

ஆயர் அத்தையை முன்னால் அழைத்தார். அந்தக் கோயிலின் நடுப்பாதையை ஆயிரம் முறை பெருக்கியவர், அன்றைக்கு அதில் நடக்கத் தயங்கினார்.

"இந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்?"

"நான்தாங்க."

"எதைக்கொண்டு கொடுத்தீர்கள்?"

"தண்ணியாலங்க. பாட்டல் தண்ணி. மூடியில ஊத்தி."

யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். ஆயர் சிரிக்கவில்லை.

"எந்த வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தீர்கள்?"

சோபியா என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு அத்தை, "கொயந்தயக் குடுங்க" என்றார். சோபியா கொடுத்தாள். அத்தை குழந்தையை இடது கையில் சாய்த்துக்கொண்டு, வலது கையை விரித்து, காலியாக இருக்கிறது என்று ஆயருக்குக் காட்டினார்.

"இப்ப நான் ஊத்தல. சும்மாத்தான் சொல்லிக் காட்டறேன். சாமி கோச்சுக்கக் கூடாது" என்று மேலே பார்த்துச் சொன்னார். அப்புறம் சொன்னார்:

"நிஷா, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

ஒரு எழுத்து பிசகவில்லை. கடைசிப் பாயிலிருந்து இருபத்தாறு வருஷம் கேட்ட வார்த்தை. கோயில் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆயர் புத்தகத்தைத் திருப்பப் போனார். அத்தை நகரவில்லை.

"இன்னும் கீதுங்க" என்றார். "இத்தயும் சொல்லிடறேன். அதுக்குத்தான் நான் வாயத் தொறக்கல. ஊத்திட்டும் கொயந்த அசயல. எனுக்கு பயம் ஆயிடுச்சு. 'எல்லம்மா தாயே, நீயும் வாடி, எதுனா பண்ணு'ன்னு கத்திட்டேன். பயக்க தோஷம். அதனால கெட்டுப் போச்சுன்னா அது எம் மேலதான். கொயந்த மேல இல்ல."

கோயிலில் முணுமுணுப்பு கிளம்பியது. ஆயர் வாய் திறப்பதற்குள் முன்வரிசையில் கலைச்செல்வன் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். தொலைந்தது என்று நினைத்தேன். தொட்டித் தண்ணீர்தான் இனி என்று நினைத்தேன்.

"சிட்டம்மா, ஒண்ணு மட்டும் சொல்லு. எது மொதல்ல, எது அப்பால?"

"மொதல்ல சாமி வார்த்தங்க. அப்பாலதான் அது."

"ரெண்டுத்துக்கும் நடுவுல?"

அத்தை யோசித்தார். "நடுவுல ஒண்ணுமில்லீங்க. மூடி கீய வியுந்துச்சு. சீட்டுக்கடில தேடி எடுத்து, பாட்டல மூடிட்டேன். அப்பாலதான் கத்தனேன்."

கலைச்செல்வன் அண்ணன் ஆயர் பக்கம் திரும்பினார். "பாட்டலே மூடியாச்சுங்க ஐயா. அதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருக்கு. முடிஞ்சதுக்கு அப்புறம் பேசனது இதுல சேராது." உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நெடுநேரம் துடைத்தார்.

நான் அந்த மனுஷரை எத்தனையோ முறை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. சட்டம் பேசுகிறவர் ஒருவர் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

ஆயர் அத்தையின் பக்கத்தில் இறங்கி வந்தார். "பயந்த நேரத்துல நீங்க யாரைக் கூப்பிட்டீங்கன்னு கேக்க இந்தப் புத்தகத்துல கேள்வி இல்லம்மா" என்றார். பிறகு சபையைப் பார்த்து, இந்தக் குழந்தைக்குச் செய்ய வேண்டியது எல்லாம் முறையாகச் செய்யப்பட்டிருக்கிறது, இதை நாம் கிறிஸ்துவின் மந்தையில் ஏற்றுக்கொள்கிறோம் என்று அறிவித்தார். அத்தையின் கையில் இருந்தபடியே என் மகளின் நெற்றியில் சிலுவை போட்டார். நான் அழுதேன். வெட்கப்படாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். மகன் செத்த அன்றைக்கு வராத அழுகையும் சேர்ந்து வந்தது. சோபியா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். 'ஆண்டவரே, ஸ்தோத்திரம்' என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் எனக்கு ஜெபம் வரவில்லை.

அன்று திருவிருந்தும் இருந்தது. நாங்கள் பீடத்துக்குப் போனபோது, அத்தை பின்னால் போய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டார். மடியில் நிஷா. மற்ற பெண்களும் தங்கள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். வாசல் பக்கம் எல்லப்பன் மாமா எட்டிப் பார்த்து, ஒன்றைத் தன் தோளில் வாங்கிக்கொண்டார்.

ஆராதனை முடிந்து ஆயர் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். கனமான, பழைய புத்தகம். எங்கள் தாத்தா காலத்துப் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர் என்று எழுதிக்கொண்டே போய், கடைசிக் கட்டத்துக்கு வந்து ஆயர் பேனாவை நிறுத்தினார். மேலே, 'ஞானஸ்நானம் கொடுத்தவர்' என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே பக்கம் பக்கமாக வெள்ளைக்கார ஆயர்கள், நம்மவர்கள், இன்றைக்கு இருப்பவர் என்று ஆயர்கள் பெயர்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் 'கனம்' என்று ஆயர்களுக்குப் போடும் மரியாதை வார்த்தை.

"நீங்களே எழுதுங்கம்மா" என்று ஆயர் பேனாவை நீட்டினார்.

"நானா? எனுக்கு எம் பேரு மட்டுந்தான்யா எயுத வரும்" என்றார் அத்தை.

"அது மட்டும்தான் வேணும்."

அத்தை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்தபடி எழுதினார். அவர் எழுதி முடிக்கும் வரை கலைச்செல்வன் அண்ணன் பக்கம் மடங்கிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் சபையின் அங்கத்தினர் பட்டியலில் இன்றைக்கும் அத்தையின் பெயர் இல்லை; ஆடி வந்தால் அவர் மாமாவோடு கரகத்துக்குப் போவார். அந்தப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது, ஆயர்கள் எல்லாருக்கும் கீழே, கோணல் எழுத்தில்: சிட்டம்மாள்.